ஒரே வண்டியில் இரு ஜனாதிபதிகள்



2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவிலே டொனால்ட் ட்ரம்ப் இரண்டாவது முறையாக ஜனாதிபதிப் பதவியை ஏற்றுக்கொண்டார். அன்று காலை, பதவியை விட்டு இறங்கும் ஜோ பைடன் வெள்ளை மாளிகையின் வாசலில் நின்று அவரை வரவேற்றார். உள்ளே அழைத்துச் சென்று தேநீர் வழங்கினார். பின்னர் ஒரே காரில் அவரோடு பதவியேற்பு வைபவத்துக்குப் புறப்பட்டார். இந்தக் காட்சியைத் தொலைக்காட்சியிலே பார்த்திருந்த மாணவன் ஒருவன் மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டான்: “மேடை மேடையா ஒருத்தரை ஒருத்தர் ஏசினவை. இப்ப தேத்தண்ணி குடுக்கினம். இது நடிப்புத்தானே, சேர்?”

நாங்கள் அப்போது திருக்குறளிலே பண்புடைமை என்ற அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். பகைமை உள்ள இடத்திலும் பண்பு குன்றாமல் நடப்பவர்கள் உண்டு என்பது அந்த அதிகாரத்திலே வருகின்ற ஒரு கருத்து. அதை விளக்கும்போதுதான் அவனுக்கு இந்தக் கேள்வி எழுந்தது. “அது அரசியல் நாகரிகம்” என்று இரண்டு சொல்லிலே விடை சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த விடை அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கும் அது போதவில்லை. ஏனென்றால் அதே வள்ளுவர் ‘கூடா நட்பு’ என்று இன்னோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். முகத்திலே சிரிப்பும் அகத்திலே வஞ்சமுமாகப் பழகுவோரை அங்கே அவர் கடிந்துரைக்கிறார். அப்படியானால் வெள்ளை மாளிகையின் வாசலிலே நடந்தது இந்த இரண்டு அதிகாரங்களில் எதனைச் சேர்ந்தது? இந்தக் கேள்வியோடு அமெரிக்க வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டினேன். அங்கே கண்டவற்றையே இன்றைய உரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1797இல் பதவியை விட்டு விலகினார். புதிய ஜனாதிபதி ஜோன் அடம்ஸின் பதவியேற்பு அப்போதைய தலைநகரான பிலடெல்பியாவில் நடந்தது. வாஷிங்டனும் வந்திருந்தார். வைபவம் முடிந்து மண்டபத்தை விட்டு வெளியேறும் வேளையில், புதிய ஜனாதிபதியையும் உப ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனையும் முன்னே போகச் செய்து, தாம் அவர்களுக்குப் பின்னாலே நடந்தார். யுத்தத்தில் வென்று நாட்டை உருவாக்கிய தளபதி, இனித் தாம் ஒரு சாதாரணப் பிரசை என்பதை வாய்ச்சொல் இல்லாமலே அந்த நடையினால் உணர்த்தினார். மன்னன் இறந்த பின்புதான் அடுத்த மன்னன் வருவான் என்ற வழக்கமே உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. உயிரோடு இருக்கும் ஒரு தலைவர் தம் இடத்தை இன்னொருவருக்கு விட்டு, அவருக்குப் பின்னே நடந்து போவதென்பது கண்டோருக்குப் புதுமையாகவே இருந்திருக்கும்.

ஆனால், அந்த நல்ல தொடக்கம் நான்கு ஆண்டுகளிலேயே ஊறுபட்டது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் அடம்ஸ், ஒரு காலத்தில் தம் நெருங்கிய நண்பராயிருந்த ஜெபர்சனிடம் தோற்றார். 1801 மார்ச் 4ஆம் திகதி ஜெபர்சன் பதவியேற்கவிருந்த நாளில், பொழுது விடியுமுன்னரே அடம்ஸ் குதிரை வண்டி ஏறி ஊருக்குப் போய்விட்டார். மகன் ஒருவனை இழந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. துக்கமா, மனக்கசப்பா, முறையான அழைப்பு இல்லாமையா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். காரணம் எதுவாயினும், அந்த விடியற்காலைக்குப் பின் பல ஆண்டுகள் அவ்விருவருக்குமிடையே நட்பு அற்றுப்போயிருந்தது. பொது நண்பர் பெஞ்சமின் ரஷ் இடைநின்று முயன்றதன் பயனாக 1812இன் முதல் நாளிலே அடம்ஸ் ஒரு கடிதம் எழுதினார். அதன் பின்னர் இறக்கும்வரை இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அமெரிக்க உரைநடையின் செல்வமாகப் போற்றப்படுகின்றன. சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4ஆம் திகதி இருவருமே உயிர் நீத்தனர்.

தந்தையின் வழியிலேயே மகன் ஜோன் குவின்சி அடம்ஸும் சென்றார். 1828ஆம் ஆண்டுத் தேர்தல் மிகவும் அசிங்கமான பிரசாரத்தோடு நடந்தது. வென்றவரான அன்ட்ரூ ஜக்சனின் மனைவியுடைய மண வாழ்வைப் பற்றியே பத்திரிகைகள் அவதூறு எழுதின. தேர்தல் முடிந்த சில வாரங்களில் அந்த அம்மையார் காலமானார். அவதூறுதான் மனைவியைக் கொன்றது என்று நம்பிய ஜக்சன், தலைநகருக்கு வந்தபின் அடம்ஸைச் சென்று காணவில்லை. அடம்ஸும் பதவியேற்பு வைபவத்துக்குப் போகவில்லை. ஆயினும், இதே ஜக்சன்தான் 1837இல் பதவியை விட்டு இறங்கும்போது, தம் இடத்துக்கு வந்த மார்ட்டின் வான் பியூரனோடு ஒரே வண்டியில் அமர்ந்து வைபவத்துக்குச் சென்றார். பழையவரும் புதியவரும் ஒரே வண்டியிற் செல்லும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது என்பர்.

அந்த வண்டி எப்போதும் ஓடியது என்றும் சொல்ல முடியாது. 1869இல் அன்ட்ரூ ஜோன்சனோடு ஒரே வண்டியில் ஏறுவதற்கு யூலிசிஸ் கிரான்ட் மறுத்தார். ஜோன்சன் நண்பகல்வரை வெள்ளை மாளிகையிலேயே இருந்து சட்டமூலங்களில் ஒப்பமிட்டுவிட்டு, வைபவத்துக்குப் போகாமலே வெளியேறினார். அதன் பின்னர் நெடுங்காலம் எவரும் வேண்டுமென்று அந்த வண்டியைப் புறக்கணிக்கவில்லை. ஆனால், வண்டிக்குள்ளே என்ன நடந்தது என்பது வேறு கதை. அந்தக் கதையில் இரண்டு பயணங்கள் மிக முக்கியமானவை.

முதலாவது பயணம் 1933 மார்ச் 4ஆம் திகதி நடந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் உச்சக்கட்டம் அது. உழைப்பாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. நாடெங்கும் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. குடியரசுக் கட்சியின் ஹேர்பேர்ட் ஹூவர் தோற்றுப்போனார். ஜனநாயகக் கட்சியின் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 42ஐ வென்றிருந்தார். இருவருக்குமிடையே கசப்பு ஏற்கெனவே மூண்டிருந்தது. 1932இல் மாநில ஆளுநர்களுக்கு வெள்ளை மாளிகையில் நடந்த விருந்துக்கு நியூயோர்க் ஆளுநரான ரூஸ்வெல்டும் வந்திருந்தார். இளம்பிள்ளை வாதத்தாற் கால்கள் செயலிழந்த அவர், உருக்குக் கவசங்களைப் பூட்டிக்கொண்டுதான் நிற்க முடியும். ஹூவர் வரத் தாமதமானது. அரைமணி நேரம்வரை அவர் நிற்கவேண்டியதாயிற்று. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்ற ஐயம் ரூஸ்வெல்டின் மனைவியார் எலினோருக்குக் கடைசிவரை இருந்தது.

பதவியேற்புக்கு முதல்நாள், வழக்கப்படி ரூஸ்வெல்ட் குடும்பத்தினர் வெள்ளை மாளிகைக்குத் தேநீருக்குச் சென்றனர். உபசாரச் சந்திப்பாக இருக்கவேண்டியதை ஹூவர் வங்கி நெருக்கடி பற்றிய பேச்சுவார்த்தையாக மாற்றினார். கூட்டாக நடவடிக்கை எடுக்க ரூஸ்வெல்ட் இணங்கவில்லை. விடைபெறும்போது, பதில் மரியாதைக்காகத் தம்மை வந்து காணும் சிரமம் ஜனாதிபதிக்கு வேண்டாம் என்று ரூஸ்வெல்ட் சொன்னார். அதற்கு ஹூவர், அமெரிக்க ஜனாதிபதி ஒருவரையும் தேடிச் செல்வதில்லை, இந்த நகரில் என்னளவு காலம் இருந்தால் நீரும் அதை அறிந்துகொள்வீர் என்ற கருத்திலே விடையிறுத்ததாக ரூஸ்வெல்டின் தரப்பினர் பின்னாளிற் கூறினர்.

மறுநாள் திறந்த காரில் இருவரும் அருகருகே அமர்ந்து சென்றார்கள். வீதியின் இருமருங்கும் மக்கள் ஆரவாரித்தார்கள். ஹூவர் பேசாமல், அசையாமல், முன்னே பார்த்தபடி இருந்தார். ஆரவாரத்துக்குப் பதில் மரியாதை செய்வது பதவியிலிருப்பவரின் உரிமை என்று எண்ணி முதலில் அடங்கியிருந்த ரூஸ்வெல்ட், அவர் அசையாததைக் கண்டு தாமே தொப்பியைக் கழற்றி அசைக்கத் தொடங்கினார். வைபவம் முடிந்தது. அதன் பின்னர் அந்த இருவரும் ஒருவரையொருவர் மீண்டும் சந்திக்கவேயில்லை.

இந்த இடத்தில் என் மாணவனின் கேள்விக்கு வலு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடு தத்தளிக்கையில் தேநீரும் திறந்த காரும் எதைக் காப்பாற்றின? தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் அவ்விருவரும் மனமொத்து ஒரு காரியம் செய்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்புத் தப்பியிருக்கலாம். சடங்கு இருந்தது, அதனுள்ளே உயிர் இருக்கவில்லை. அத்தகைய நீண்ட இடைக்காலத்தின் ஆபத்தை உணர்ந்த அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று அதே 1933இல் நிறைவேறியது. அதன்படி 1937 முதல் பதவியேற்பு ஜனவரி 20ஆம் திகதிக்கு முன்தள்ளப்பட்டது.

கசப்பு அதோடு தீரவில்லை. கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவரின் ஆட்சிக்காலத்தில் கட்டத் தொடங்கப்பட்ட பேரணைக்கு அப்போது அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. புதிய ஆட்சி வந்ததும் உள்நாட்டமைச்சர் அதை ‘போல்டர் அணை’ என்றே அழைக்கச் செய்தார். 1935 செப்டெம்பர் 30ஆம் திகதி நடந்த திறப்புவிழாவில் உரையாற்றிய ரூஸ்வெல்ட் ஹூவரின் பெயரை ஒருமுறைதானும் உச்சரிக்கவில்லை. பொறியியலாளரான ஹூவருக்கு, அந்த அணையிலிருந்து தம் பெயரை எடுத்தது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ரூஸ்வெல்ட் பதவியிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் வெள்ளை மாளிகையின் கதவு ஹூவருக்கு மூடியே கிடந்தது.

அக்கதவைத் திறந்தவர் ஹரி ட்ரூமன். 1945 ஏப்ரல் 12ஆம் திகதி ரூஸ்வெல்ட் காலமாக, உப ஜனாதிபதி ட்ரூமன் ஜனாதிபதியானார். அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தாம்; மேடைகளில் ஹூவரின் பெயரைச் சொல்லியே வாக்குக் கேட்ட கட்சி அது. ஆனால், மே மாத இறுதியில் ட்ரூமன் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதி ஹூவரை அழைத்தார். மே 28ஆம் திகதி ஹூவர் வந்தார். 1933இல் வெளியேறிய பின்னர் அந்த மாளிகைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். இது வெறும் உபசாரம் அன்று. முதலாம் உலக யுத்த காலத்தில் பெல்ஜியத்தின் பசியைத் தீர்த்தவர் ஹூவர். பல லட்சம் மக்களுக்கு உணவு சேர்க்கும் கலையை அறிந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பஞ்சம் உலகை நெருக்கியபோது, 1946இல், எழுபத்தோராவது வயதில், ட்ரூமனின் வேண்டுகோளை ஏற்று ஹூவர் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பயணம் செய்தார். இந்தியாவுக்கும் வந்து உணவு நிலைமையைக் கண்டறிந்தார். 1947இல் அணைக்கு ஹூவரின் பெயரை மீட்டளிக்கும் சட்டத்திலும் ட்ரூமன் ஒப்பமிட்டார்.

1962ஆம் ஆண்டின் இறுதியில், எண்பத்தெட்டு வயதான ஹூவர் ட்ரூமனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உங்கள் நட்பு என் வாழ்வில் எவ்வளவு ஆழமாய்ப் பதிந்தது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலான பொதுச் சேவைக்கு மீண்டும் கதவைத் திறந்து விட்டீர்கள் என்ற பொருள்பட அதில் எழுதினார். கட்சி மாறாமல், கொள்கை மாறாமல், இரு அரசியல்வாதிகளுக்கிடையே இப்படியொரு கடிதம் எழுதப்படலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இத்தனை பெருந்தன்மையுள்ள ட்ரூமனே அடுத்த கசப்பான பயணத்திலும் அமர்ந்திருந்தார் என்பதுதான் வரலாற்றின் விசித்திரம்.

ட்ரூமனும் ஜெனரல் ஐசனோவரும் ஒருகாலத்தில் ஒருவரையொருவர் மதித்தவர்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் அதைக் கெடுத்தது. குடியரசுக் கட்சி வேட்பாளரான ஐசனோவர், தம்மை உயர்த்திவிட்ட ஜெனரல் ஜோர்ஜ் மார்ஷலைச் செனற்றர் மக்கார்த்தி தூற்றியபோது, விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆற்றவிருந்த உரையிலே மார்ஷலுக்காகப் பரிந்து பேசும் பகுதியை நீக்கிவிட்டார். நன்றிகொன்ற செயல் என்று ட்ரூமன் கொதித்தார். ஊர் ஊராக ரயிலில் சென்று ஐசனோவரைத் தாக்கினார். தாம் வென்றால் கொரியாவுக்கு நேரிற் செல்வேன் என்று ஐசனோவர் அறிவித்ததையும் வாக்குக்கான தந்திரம் என்று இகழ்ந்தார். ஐசனோவர் அதை மன்னிக்கவில்லை.

ஐசனோவர் வென்றார். இங்கேதான் ட்ரூமனின் இரட்டை முகத்தைக் காண்கிறோம்; இரட்டை முகம் என்பதை இந்த இடத்தில் நல்ல பொருளிலேயே சொல்கிறேன். ரூஸ்வெல்ட் இறந்து தாம் பதவியேற்றவரை, அணுகுண்டு தயாராகிறது என்பதே ட்ரூமனுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு பெரும் யுத்தத்தின் நடுவிலே கண்ணைக் கட்டிக் கதிரையில் இருத்தியது போன்ற நிலை அது. தமக்குப் பின் வருபவர் எவராயினும் அவருக்கு அந்நிலை வரக்கூடாது என்று அவர் உறுதிபூண்டார். ஐசனோவரை அழைத்து அரச விவகாரங்களை விளக்கினார். அவரது குழுவினருக்குத் தகவல்கள் கிடைக்க வழிசெய்தார். ஆட்சி கைமாறும்போது முறைப்படி விளக்கம் அளிக்கும் இன்றைய அமெரிக்க நடைமுறைக்கு அதுவே அடித்தளமாயிற்று. மனத்திலே கோபம், கையிலே கடமை. இரண்டும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன.

1953 ஜனவரி 20ஆம் திகதி வந்தது. வெள்ளை மாளிகைக்குள் வந்து சற்று இருந்து செல்லுமாறு ட்ரூமன் தம்பதியர் அழைத்திருந்தனர். ஐசனோவர் உள்ளே செல்லவில்லை. வாசலிலே காரிற்குள் அமர்ந்தபடி ட்ரூமன் வெளியே வரும்வரை காத்திருந்தார். எந்தத் தொப்பி அணிவது என்பதில்கூட முன்னரே சிறு பிணக்கு ஏற்பட்டிருந்தது. வழக்கமான உயரப் பட்டுத் தொப்பி வேண்டாம் என்று ஐசனோவர் முடிவுசெய்திருந்தார். தொப்பிக்காகச் சண்டையிட விரும்பாமல் ட்ரூமனும் அதற்கு இணங்கினார்.

அன்று ஐசனோவரை ஒரு விடயம் உறுத்திக்கொண்டிருந்தது. அவரது மகன் ஜோன், கொரியப் போர்முனையில் இராணுவ அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தவர், பதவியேற்பைக் காண்பதற்காக ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தார். மற்றவர்களுடைய பிள்ளைகள் களத்திலே நிற்கையில் தம் மகனுக்குச் சலுகை காட்டித் தம்மைச் சங்கடத்துக்குள்ளாக்கியது யார்? அதை அவர் ட்ரூமனிடமே கேட்டார். உத்தரவிட்டவன் நானே என்றார் ட்ரூமன். அந்தப் பேச்சு எந்தத் தொனியில், எந்த இடத்தில் நடந்தது என்பது பற்றி இருவரும் பின்னாளிலே சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால், ஒன்று மட்டும் ஐயத்துக்கிடமின்றி எழுத்திலே இருக்கிறது. பதவியேற்று மூன்றாம் நாள், ஜனவரி 23ஆம் திகதி, ஐசனோவர் ட்ரூமனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆட்சி ஒழுங்காகக் கைமாற உதவியதற்கு நன்றி கூறினார். மகனை வரவழைத்த அன்புக்கு விசேடமாக நன்றி கூறினார். அதை நீங்கள்தான் செய்தீர்கள் என்பதை எங்களுக்குத் தெரியவிடாமல் செய்தீர்களே, அதற்கு இன்னும் விசேடமாக நன்றி என்றும் எழுதினார்.

நேயர்களே, நான் இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோதுதான் மாணவனுக்குச் சொல்லவேண்டிய விடையின் ஒரு நுனி எனக்குக் கிடைத்தது. ஊர் பார்க்க ஒரே காரில் ஏறியது அன்று வெறும் சடங்கு. அதிலே அன்பு இருக்கவில்லை. ஊர் பாராமல், பகைவனின் மகனைப் போர்க்களத்திலிருந்து தந்தையின் பெருநாளுக்கு அழைத்து வந்தது சடங்கு அன்று, பண்பு. அந்தப் பண்பு நடமாடுவதற்கு ஒரு பாதை வேண்டியிருந்தது. அந்தப் பாதையைச் சடங்கு திறந்து வைத்திருந்தது.

இருந்தும் அந்தக் கடிதத்தோடு மனக்கசப்பு மாறிவிடவில்லை. ஐசனோவரின் எட்டு ஆண்டுகளில் ட்ரூமன் வெள்ளை மாளிகைக்கு விருந்தினராகச் செல்லவில்லை. 1961 ஜனவரி 20ஆம் திகதி, தாம் அன்று மறுத்த உபசாரத்தை ஐசனோவர் தமக்குப் பின் வந்த கென்னடிக்கு வழங்கினார். அவரை உள்ளே அழைத்துக் கோப்பி கொடுத்தார். மறுநாள் கென்னடியின் அழைப்பின்பேரில் ட்ரூமன் மீண்டும் அந்த மாளிகைக்குள் நுழைந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஐசனோவர், ட்ரூமனின் ஊரான இன்டிபென்டன்சுக்குச் சென்று அங்குள்ள ட்ரூமன் நூலகத்தைப் பார்வையிட்டார். பனி மெல்ல உருகத் தொடங்கியது.

1963 நவம்பர் 25ஆம் திகதி, சுட்டுக் கொல்லப்பட்ட கென்னடியின் இறுதிக்கிரியை நடந்தது. எழுபத்தொன்பது வயதான ட்ரூமனும் எழுபத்துமூன்று வயதான ஐசனோவரும் அன்று ஒரே காரில் ஆர்லிங்டன் மயானத்துக்குச் சென்றார்கள். திரும்பும்போது, ட்ரூமன் தங்கியிருந்த பிளேயர் இல்லத்துக்கு ஐசனோவரும் அவர் மனைவியும் உடன் சென்று, சிற்றுண்டி அருந்தி, பழைய நாட்களைப் பற்றி உரையாடிவிட்டுப் பிரிந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் காரை விட்டு இறங்க மறுத்தவர், அன்று காரை விட்டு இறங்கி அவரது விருந்தை ஏற்றுக்கொண்டார். தம்மிலும் மிக இளையவனான ஒருவனின் பிரேதப்பேழைக்கு முன்னே கட்சிக் காழ்ப்பு எவ்வளவு சிறியதாய்த் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த வரலாற்றிலே எங்கள் மண்ணோடு தொடர்புடைய ஓர் அத்தியாயமும் உண்டு. 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் மூத்த ஜோர்ஜ் புஷ்ஷை பில் கிளின்டன் தோற்கடித்தார். வெளியேறும் நாளில் புஷ் மேசையிலே ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போனார். உங்கள் வெற்றி இனி நாட்டின் வெற்றி, நீங்கள் வெல்லவேண்டுமென்றே நான் விரும்புகிறேன் என்பது அதன் சாரம். தோற்றவரின் கையெழுத்திலே இருந்த அந்தச் சொற்கள் வீண்போகவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரைகளை அழித்தது. அப்போது ஜனாதிபதியாயிருந்த இளைய புஷ், நிவாரண நிதி திரட்டும் பணியைத் தம் தந்தையிடமும் கிளின்டனிடமும் சேர்த்தே ஒப்படைத்தார். 2005 பெப்ரவரியில் இருவரும் ஒரே விமானத்திற் புறப்பட்டு, பாதிக்கப்பட்ட நாடுகளைப் பார்வையிட்டு இலங்கைக்கும் வந்தார்கள். விமானத்தில் இருந்த ஒரே படுக்கையறையை எண்பது வயதான புஷ்ஷுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளின்டன் வேறிடத்திலே படுத்துக்கொண்டார் என்று புஷ் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

1946இல் ஹூவர் சென்றது பஞ்சத்தைத் தேடி. 2005இல் இவர்கள் வந்தது அழிவைத் தேடி. இரண்டு இடங்களிலும் பயன்பெற்றவர்கள் யார்? அந்தத் தலைவர்கள் எக்கட்சியினர், யார் யாரை ஏசினார்கள் என்பதை அறியாத, அறியவேண்டிய தேவையுமில்லாத ஏழை மக்கள். இரு பெரியவர்கள் முகங்கொடுத்துப் பேசினால் அதன் பலன் அவர்களிருவரோடு நின்றுவிடுவதில்லை. முகம் திருப்பிக்கொண்டால் அதன் நட்டமும் அவர்களோடு நின்றுவிடுவதில்லை.

இன்னொரு சோடியையும் சொல்லாமல் விட முடியாது. 1976இல் ஜெரால்ட் போர்டைத் தோற்கடித்த ஜிம்மி கார்ட்டர், தம் பதவியேற்பு உரையைத் தொடங்கியதே நாட்டின் காயத்தை ஆற்றிய முன்னவருக்கு நன்றி கூறித்தான். 1981இல் எகிப்திய ஜனாதிபதி சதாத்தின் இறுதிக்கிரியைக்குச் சென்று திரும்பும் நீண்ட விமானப் பயணத்தில் அவ்விருவரும் உற்ற நண்பர்களானார்கள். முந்தி இறப்பவருக்கு மற்றவர் அஞ்சலியுரை ஆற்றுவதென்று பின்னாளிலே உடன்பாடு செய்துகொண்டனர். 2007இல் போர்டுக்காகக் கார்ட்டர் உரையாற்றினார். கார்ட்டருக்காகப் போர்ட் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த உரையை 2025 ஜனவரி 9ஆம் திகதி போர்டின் மகன் வாசித்தார். இறந்து பதினெட்டு ஆண்டுகளான ஒருவர் தம் பழைய போட்டியாளருக்கு விடை கொடுத்ததை, முன்வரிசைகளில் அமர்ந்திருந்த ஐந்து ஜனாதிபதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐவரில் பைடனும் ட்ரம்பும் அடங்குவர். 2021 ஜனவரி 20ஆம் திகதி நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். தேர்தல் முடிவை ஏற்க மறுத்த ட்ரம்ப், பைடனின் பதவியேற்புக்கு வராமல் காலையிலேயே புளோரிடாவுக்குச் சென்றுவிட்டார். மேசையில் கடிதம் ஒன்றை மட்டும் விட்டுச் சென்றார். 1869இல் ஜோன்சன் செய்ததற்குப் பின், 152 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருவர் அந்த வண்டியைப் புறக்கணித்தார். இரண்டு வாரங்களுக்கு முன்னர் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கலகக் கூட்டம் புகுந்திருந்தது. ஆதலால், வெறுமையாயிருந்த அந்த ஆசனம் ஒரு மனிதரின் மனக்கசப்பை மாத்திரம் காட்டவில்லை. தோற்றவர் அருகிலே வந்து நிற்பதென்பது, ‘மக்கள் தீர்ப்பை நானும் ஏற்றேன்’ என்று அவர் சொல்லும் சாட்சியம். அந்தச் சாட்சி வராதபோது அவரை நம்பிய மக்களின் மனத்திலே தேர்தல் முடியாமலே கிடக்கிறது.

இதை அறிந்தால்தான் 2025இல் பைடன் கொடுத்த தேநீரின் அருமை விளங்கும். தமக்குக் கிடைக்காத உபசாரத்தை, அதை மறுத்தவருக்கே அவர் கொடுத்தார். அதன்பின் சற்று நேரத்திலே, அவரை அருகில் வைத்துக்கொண்டே புதிய ஜனாதிபதி அவருடைய ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். அதையும் அவர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் அவர் மனத்திலே என்ன இருந்ததோ, நாம் அறியோம். அறியவேண்டியதும் இல்லை. அவர் அங்கே இருந்தது ட்ரம்பின் நண்பராக அல்ல. மக்கள் தீர்ப்புக்குச் சாட்சியாக.

இனி என் மாணவனிடம் வருகிறேன். கூடா நட்பு என்று வள்ளுவர் கண்டித்தது, கெடுதி செய்யும் எண்ணத்தை மறைப்பதற்காகச் சிரிப்பவனை. வெள்ளை மாளிகையின் வாசலிலே எவரும் எதையும் மறைக்கவில்லை. இவர்கள் பகைவர்கள் என்பது உலகுக்கே தெரியும். தெரிந்திருந்தும் பகையை ஒருநாள் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிறார்கள். அது ஏமாற்று ஆகாது. ஆயினும், தேநீர் மட்டும் போதும் என்றும் நான் அவனுக்குச் சொல்லமாட்டேன். 1933இல் தேநீர் இருந்தது, நன்மை விளையவில்லை. சடங்கு ஒரு திறந்த கதவு. அதனூடாகப் போவதும் போகாமல் விடுவதும் மனிதர் கையிலே இருக்கிறது. கதவு திறந்திருந்தபடியால் ஹூவர் பசித்தவர்களிடம் போனார், ஒரு மகன் போர்க்களத்திலிருந்து தந்தையிடம் போனான், நிவாரணம் எங்கள் கரைக்கு வந்தது.

அடுத்த வகுப்பிலே அவனிடம் இதைச் சொல்ல இருக்கிறேன். ‘அரசியல் நாகரிகம்’ என்று அன்று நான் சொன்ன இரண்டு சொல் விடை பிழையானதன்று. ஆனால், ஒரு பிள்ளையின் கேள்வியை வாயடைப்பதற்காகச் சொல்லப்பட்டது. அவன் வளர்ந்து ஒரு சங்கத்திலோ சபையிலோ தோற்றுப்போகும் நாள் வரலாம். அன்று வென்றவனின் பக்கத்திலே போய் நிற்க அவனுக்கு மனம் வருமானால், பண்புடைமை என்ற அந்த அதிகாரத்தை நான் ஒழுங்காகப் படிப்பித்தேன் என்று ஆறுதல் கொள்வேன்.